பதினோரு நிமிடப் பாலாறு

மஞ்சள் பையைத் திறந்ததும்
முதலில் ஓர் எறும்பு இறங்கியது.
அப்புறம்தான் பெட்டி.
பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸ்,
பவுனம்மாவின் மருமகன் தீபாவளி ஆஃபரில் எடுத்தது.
"நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சி.
கத்திரி வெயில்ல நின்னுபோச்சி."

லாங் பஜாரில், வெங்காய மண்டிக்கு மேலே
என் கடை. தகரக் கூரை.
கத்திரி வெயிலில் நின்றுபோனவை
அலமாரியில் ஏற்கெனவே பதினேழு.

"எல்லாம் வேணாம். ஒன்னே ஒன்னு.
வெள்ளம் வந்தப்ப நியூஸ்ல காட்னாங்க, அது."

தண்ணீர் இல்லாத ஆறு என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
அந்தக் கார்த்திகையில் கேலிக்கு இடமில்லாமல் ஓடியது.
விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே
குடை பிடித்து ஒரு நிருபர் பேசிக்கொண்டிருக்க,
அவருடைய இடது காதுக்குப் பின்னால்
பவுனம்மாவின் மோட்டார் கொட்டகை
ஒரு பக்கமாகச் சாய்ந்து
ஆற்றோடு போயிற்று.
கூடவே ஒரு வரிசைத் தென்னை, கரை, முப்பது சென்ட்.

"அங்க கொட்டகை இருந்துச்சின்னு
இன்னா ஆதாரம்னு கேக்கறான் தாலுக்கா ஆபீஸ்ல."

திறந்தேன்.
கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சதுரம்.
வானத்திலிருந்து வருவதைப் பிடிப்பது,
ஆயிரம் சேனல் கூச்சலில் ஒன்றைப் பிரிப்பது,
படத்தை விரிப்பது, உதட்டோடு குரலைச் சேர்ப்பது,
ஒன்றைக் காட்டும்போதே
இன்னொன்றை டிஸ்கில் எழுதி வைப்பது
எல்லாம் இந்த ஒரே சிப்.
எழுதும்போதே பூட்டியும் வைக்கும்.
சாவி அதற்குள்ளேயே,
பிறக்கும்போது பொறித்த எண்.
எனக்கும் தெரியாது, அதை விற்றவனுக்கும் தெரியாது.

டிஸ்க் நன்றாக இருந்தது.
அதைத்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது.
"வெள்ளம் உள்ள பத்திரமா இருக்குமா.
வேற சிப் போட்டா தெறக்காது."

"பூட்டு யாரு போட்டது?"
"கம்பெனி."
"கொட்டகை என்னுது, பொட்டி என்னுது,
மாசா மாசம் துட்டும் என்னுது.
சாவி மட்டும் அவன்துவா?"

பதில் இல்லாதபோது நான் ஃபேனைத் துடைப்பேன்.

பக்கத்துக் கடை இம்தியாஸ்தான் சொன்னான்,
"சூடு காட்டிப் பாரேன்."
சிப்புக்கு அடியில் நானூறுக்கு மேல் ஈய மணிகள்,
கடுகைவிடச் சிறியவை.
வெயில் தின்று ஏதோ ஒன்று விட்டிருக்கும்.
ஃப்ளக்ஸ் தடவி, சுற்றிலும் ஃபாயில் ஒட்டி
வெப்பக் காற்றைச் சாய்த்துப் பிடித்தேன்.
வெளியே நூற்று எட்டு டிகிரி,
சிப்பின் முதுகில் அதைப்போல் நாலு மடங்கு.
எது கொன்றதோ அதையே
மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
ஈயம் இளகும் நேரத்தில்
சிப் ஒரு மயிரிழை இறங்கி உட்கார்ந்தது.
ஆறட்டும் என்றேன்.
அவர் தன் முந்தானையால் விசிறினார்.

பச்சை விளக்கு.

பதிவுப் பட்டியலில் சமையல், சமையல், கிருத்திகை அபிஷேகம்,
நாற்பத்திரண்டாவது வரியில் நியூஸ்.
"போன்ல புடிங்க, சீக்கிரம்."
அவர் கை நடுங்கியதால்
இம்தியாஸ் வாங்கிப் பிடித்தான்.
குடை. நிருபர். காது. அதற்குப் பின்னால்
செம்மண் நிறத்தில் அகலமாக, அவசரமே இல்லாமல், ஆறு.
"தோ, தோ, எங்குது!"
ஏதோ ஜெயித்த குரலில் கத்திவிட்டு
கொட்டகை விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பதினோராவது நிமிடம்
நிருபர் சதுரம் சதுரமாக உடைந்தார்.
தண்ணீரும் உடைந்து
பாதி ஓடியபடி நின்றது.
விளக்கு அணைந்தது. பிறகு என்ன காட்டியும் ஏறவில்லை.

இருநூறு கேட்டேன். நூற்று எண்பது எண்ணி வைத்தார்,
"பஸ்ஸுக்கு வேணும்."

இரண்டு வாரம் கழித்து மறுபடி மஞ்சள் பை.
உள்ளே போன் மட்டும்.
"சிடில போட்டுத் தரணுமாம்.
மனுவோட பின் பண்ணுவாங்களாம்."

அடி அலமாரியில் பழைய சிடி ரைட்டர் ஒன்று.
வெளியே இழுத்து ஊதினேன்.
எறும்பு.